கேபினில் யார் எங்கே படுப்பது?

பள்ளி விடுமுறை வருகிறது என்றால் இந்தப் பகுதிக்குக் கப்பல் கேள்விகள் வந்து குவியும். இந்த முறை பெரும்பாலான கடிதங்கள் ஒரே விஷயத்தைத்தான் கேட்கின்றன: பிள்ளைகளை எங்கே படுக்க வைப்பது? கப்பலில் கேபின் ஸ்டூவர்டாக வேலை பார்த்து, ஊரார் படுக்கையை விரித்துச் சம்பாதித்தவன் நான். இப்போது வேலூர் சத்துவாச்சாரியில் டிராவல்ஸ் வைத்திருக்கிறேன். டிக்கெட் போட வருகிறவர்கள் பால்கனி உண்டா என்பார்கள், நீச்சல் குளம் எத்தனை என்பார்கள், சைவச் சாப்பாடு கிடைக்குமா என்பார்கள். எத்தனை படுக்கை, எப்படிப்பட்ட படுக்கை என்று கேட்பவர் அபூர்வம். கேட்கத் தொடங்கியிருக்கிறீர்களே, சந்தோஷம்.

அண்ணா, நானும் வீட்டுக்காரரும், ஏழு வயதுப் பையனும், மூன்று வயதுப் பெண்ணும் சென்னையிலிருந்து கிளம்பும் கப்பலில் போகலாம் என்றிருக்கிறோம். "ரெண்டு பேர் கேபினே போதும். காந்தி ரோடு லாட்ஜில் கேட்கிற மாதிரி ஒரு மெத்தை கேட்டு வாங்கித் தரையில் போட்டுக்கலாம். சின்னவளுக்கு டிக்கெட்டே வேண்டாம்" என்கிறார் அவர். சரிதானா?
– வாசகி, குடியாத்தம்

லாட்ஜுக்கு அவர் சொல்வது முழுக்கச் சரி. சி.எம்.சி.க்கு வைத்தியத்துக்கு வரும் வெளியூர்க் குடும்பங்கள் அப்படித்தான் ஒரே அறையில் சமாளிக்கின்றன. கப்பலில் நடக்காது.

ரயிலில் ஐந்து வயதுக்குக் கீழே பிள்ளைக்கு டிக்கெட் கிடையாது, மடியில் வைத்துக்கொண்டு போய்விடலாம். கப்பலில் கைக்குழந்தையும் ஒரு தலைதான். காசு பிடுங்கத்தான் இப்படி என்று எல்லாரும் நினைக்கிறார்கள். உண்மைக் காரணம் உயிர்காப்புப் படகு. 1912-இல் டைட்டானிக் மூழ்கியபோது அதில் சுமார் 2,200 பேர் இருந்தார்கள். படகுகளில் இருந்த இடமோ 1,178 பேருக்குத்தான். அதற்கப்புறம் 1914-இல் நாடுகள் லண்டனில் கூடிப் போட்ட ஒப்பந்தம்தான், பலமுறை திருத்தப்பட்டு, சோலாஸ் என்ற பெயரில் இன்றும் கப்பல்களைக் கட்டுப்படுத்துகிறது. கப்பலில் இருக்கும் ஒவ்வொரு தலைக்கும் படகில் இடம் காட்டியாக வேண்டும், உங்கள் மூன்று வயது மகளுக்கும் சேர்த்து.

இன்னொன்றும் உண்டு. ஒவ்வொரு கேபினுக்கும் ஆபத்து நேரத்தில் கூட வேண்டிய இடம் ஒன்றை ஒதுக்கியிருப்பார்கள். மஸ்டர் ஸ்டேஷன் என்பார்கள். அந்த இடத்துக்கும் தலைக்கணக்கு உண்டு. அதனால்தான் சில சமயம், நான்கு பேர் படுக்கிற கேபின் காலியாக இருந்தும், மூன்றாவது பெயரைச் சேர்க்கப் போனால் கணினி மறுத்துவிடும். "கேபின் காலியாத்தானே இருக்கு, ஏன் தர மாட்டேங்கறீங்க?" என்று என்னிடமே சண்டை போட்டவர்கள் உண்டு. முதலில் இரண்டு பேருக்குப் போட்டுவிட்டு, பிள்ளைகளை அப்புறம் சேர்த்துக்கொள்ளலாம் என்ற கணக்கு இங்கேதான் உதைக்கும். நான்கு பெயரையும் முதல் நாளே கொடுத்துவிடுங்கள். அதே கேபினில் மூன்றாவது, நான்காவது ஆளுக்குக் கட்டணம் பெரும்பாலும் குறைவாகவே இருக்கும். துறைமுகக் கட்டணம் மட்டும் ஆளுக்கு ஆள் வரும்.

சரி, நான்கு பேர் கேபின் எப்படி இருக்கும்? கீழே இரண்டு ஒற்றைக் கட்டில்கள். சேர்த்துப் போட்டால் இரட்டைக் கட்டில், பிரித்துப் போட்டால் தனித்தனி. மீதி இரண்டு பேருக்கு மூன்றில் ஒரு வழி: சுவரிலிருந்தோ கூரையிலிருந்தோ இறங்கும் மேல் பெர்த், அல்லது சோபா கம் பெட், அல்லது இரண்டும் ஒவ்வொன்று. மேல் பெர்த்தைக் கப்பல்காரர்கள் புல்மேன் என்பார்கள். பகலில் மடித்துவிட்டால் அது இருப்பதே தெரியாது. ராத்திரி நீங்கள் சாப்பிடப் போயிருக்கும்போது ஸ்டூவர்ட் வந்து இறக்கி, விரித்து, ஏணியை மாட்டிவிட்டுப் போவார்.

மேல் பெர்த்தில் ஆறு வயதுக்குக் கீழே யாரையும் படுக்க வைக்காதீர்கள். அடுக்குக் கட்டில் பற்றி உலகம் முழுக்கச் சொல்லப்படும் வயது அது. கப்பல்காரர்களும் அதையே சொல்கிறார்கள். உங்கள் பையனுக்கு ஏழு என்பதால் மேலே ஏறலாம். தடுப்புக் கம்பி மாட்டியிருக்கிறதா என்று கையால் அசைத்துப் பாருங்கள். தூக்கத்தில் எழுந்து நடக்கிற பிள்ளை என்றால் ஏழு வயதானாலும் வேண்டாம்.

மூன்று வயது மகள் உங்கள் இருவருக்கும் நடுவில்தான் படுப்பாள், அதை நீங்கள் சொல்லவே வேண்டியதில்லை. அங்கே ஒரு சிக்கல். சேர்த்துப் போட்ட இரண்டு கட்டிலுக்கு நடுவில் ஒரு பிளவு இருக்கும். மேலே ஒரே விரிப்பு போட்டு மறைத்திருப்பார்கள். பெரியவர்கள் ஆளுக்கொரு பக்கம் படுப்பதால் தெரியாது, நடுவில் படுக்கிற பிள்ளைக்குத் தெரியும். கப்பல் ஆட ஆடப் பிளவு விரியும், பிள்ளையின் கையோ காலோ உள்ளே போகும். முதல் நாள் மதியமே ஸ்டூவர்டைக் கூப்பிட்டு, கட்டில் கால்களை இறுக்கிக் கட்டச் சொல்லுங்கள், மேலே குறுக்காக ஒரு மெல்லிய மெத்தை விரிக்கச் சொல்லுங்கள். பெரும்பாலான கப்பல்களில் கூடுதல் மெத்தை விரிப்பு கையிருப்பில் இருக்கும், கேட்டால்தான் வரும். சில கேபின்களில் மேல் பெர்த்துக்கு ஏணி மாட்ட வேண்டுமானால் கீழ்க் கட்டில்களைப் பிரித்துத்தான் போட முடியும். அப்படியானால் மகளைச் சுவர்ப் பக்கம் போட்டு நீங்கள் ஓரத்தில் படுங்கள். டிக்கெட் போடும்போதே கேளுங்கள்: "மேல் பெர்த்தை இறக்கினால் கீழே இரட்டைக் கட்டில் இருக்குமா?" உங்கள் ஏஜெண்டுக்குப் பதில் தெரியாவிட்டால் கப்பல் நிறுவனத்திடம் கேட்டுச் சொல்லட்டும்.

தரையில் பாய் போடுவதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே ஒரு ஆள் ஒருக்களித்து நடக்கிற அளவுதான் இடம். ராத்திரி ஏதாவது என்றால் அதுதான் வெளியே போகும் வழி. அதில் பிள்ளையைப் போட்டுத் தூங்க முடியாது.

ஒன்பது மாதக் குழந்தைக்குத் தூளி இல்லாமல் தூக்கமே வராது. கேபினில் தூளி கட்ட முடியுமா? ஸ்பிரிங் மாட்ட ஏதாவது கொக்கி இருக்குமா?
– வாசகி, ஆரணி

இருக்காது அம்மா. இருக்கிற மாதிரி தெரிகிற ஒன்றைத் தொடவும் கூடாது. கூரையில் சின்னதாக ஒரு உலோக மூக்கு நீட்டிக்கொண்டிருக்கும். தீப்பிடித்தால் தண்ணீர் பீய்ச்சுகிற ஸ்பிரிங்க்ளர் அது. அதில் சட்டையை ஹேங்கரோடு மாட்டி, அது உடைந்து, கேபினும் வராந்தாவும் குளமான கதை கப்பல் வேலைக்காரர்கள் எல்லாரிடமும் ஒன்று இருக்கும். மற்றபடி கூரை என்பது வெறும் பலகைத் தகடு, மேலே குழாயும் வயரும் ஓடும். மேல் பெர்த்தின் கம்பியிலும் சேலை கட்டாதீர்கள். அது ஆட்டுவதற்குச் செய்த கம்பி இல்லை.

மடக்குத் தொட்டில் தருவார்கள், பெரும்பாலும் இலவசம். ஆனால் கப்பலில் எண்ணி வைத்திருப்பார்கள், ஏறின பிறகு கேட்டால் தீர்ந்துபோயிருக்கும். டிக்கெட் போடும்போதே எழுதி வைக்கச் சொல்லுங்கள். தொட்டில் வந்தால் கேபினில் நடக்க இடம் இருக்காது என்பதால், நடுவில் இருக்கிற டீ மேஜையை எடுத்துக்கொண்டு போகச் சொல்லுங்கள். நானே எத்தனையோ மேஜைகளைத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறேன், இதற்கு யாரும் முகம் சுளிக்கமாட்டார்கள்.

தொட்டில் மெத்தை கெட்டியாக, தட்டையாக இருக்கும். "ஐயோ, குழந்தைக்கு உறுத்துமே" என்று தலையணையும் கம்பளியும் அடுக்க வேண்டாம். ஒரு வயதுக்குள் குழந்தைக்குக் கெட்டி மெத்தையும், இறுக்கமாக விரித்த ஒரு துணியும் போதும். மல்லாக்கப் படுக்க வைக்க வேண்டும். குழந்தை மருத்துவர்களும் இதைத்தான் சொல்கிறார்கள். ஏ.சி. குளிருக்குக் கனமான உடுப்பாகப் போட்டுவிடுங்கள். வேலூர்ப் பக்கத்து வெயிலில் வளர்ந்த குழந்தைக்குக் கேபின் ஏ.சி. முதல் ராத்திரி கொஞ்சம் அதிர்ச்சியாகத்தான் இருக்கும்.

கிளம்புவதற்குக் கொஞ்ச நாள் முன்னாலிருந்தே பகல் தூக்கத்தையாவது தூளியிலிருந்து தரைக்கு மாற்றிப் பழக்குங்கள். உங்கள் மாமியார் ஒத்துக்கொள்ளமாட்டார், தெரியும். ஆனாலும் கப்பலின் அடி இரைச்சலும் மெல்லிய ஆட்டமும் தூளிக்குப் பழகின குழந்தைக்குப் பாதி வேலையைச் செய்துவிடும். ராத்திரி அழுது வராந்தாவில் தூக்கிக்கொண்டு நடக்கிற குழந்தைகளைவிட, போட்டவுடன் தூங்கிவிடுகிற குழந்தைகளைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

வயதையும் பார்த்துக்கொள்ளுங்கள். பெரும்பாலான நிறுவனங்கள் ஆறு மாதம் முடிந்த குழந்தையை ஏற்றும். நடுவில் துறைமுகமே இல்லாமல் பல நாள் கடலிலேயே போகிற நீண்ட பயணம் என்றால் ஒரு வயது முடிந்திருக்க வேண்டும் என்பார்கள். இலங்கைக்குப் போகிற கப்பல் என்றால் குழந்தைக்கும் தனிப் பாஸ்போர்ட் வேண்டும்.

நாங்கள் ஐந்து பேர். நான், மனைவி, பத்து வயதிலும் ஐந்து வயதிலும் இரண்டு பையன்கள், என் அம்மா. ஆயா இல்லாமல் சின்னவன் தூங்கமாட்டான். ஐந்து பேருக்கு ஒரே கேபின் கிடைக்குமா?
– வாசகர், இராணிப்பேட்டை

ஐந்து பேர் கேபின் இருக்கிறது. ஒரு கப்பலில் விரல் விட்டு எண்ணுகிற அளவு, விலையும் அதற்கேற்ற மாதிரி. பழைய கப்பல்களில் இன்னும் குறைவு. சென்னையிலிருந்து 2022 ஜூன் மாதம் ஓடத் தொடங்கிய கார்டிலியா நிறுவனத்தின் எம்ப்ரஸ், 1990-இல் கட்டின கப்பல். அந்தக் காலத்துக் கேபின் கையடக்கம்தான். பால்கனியோடு கூடிய பெரிய அறைகள் பெருகினது அதற்குப் பிறகு வந்த கப்பல்களில்.

என்னைக் கேட்டால் ஐந்து பேரை ஒன்றில் திணிக்காமல் இரண்டு கேபின் எடுங்கள். ஜன்னல் இல்லாத உள் கேபின் இரண்டு எடுத்தால், பல நேரம் ஒரு பெரிய பால்கனிக் கேபினை விடக் குறைவாகவே முடியும். இன்னொரு லாபம், கழிவறை இரண்டு. காலையில் ஐந்து பேர் ஒரு கழிவறை வாசலில் நிற்பதை யோசித்துப் பாருங்கள்.

இரண்டு கேபின் என்றால் "பக்கத்துப் பக்கத்தில்" என்று கேட்காதீர்கள், "கனெக்டிங்" என்று கேளுங்கள். முன்னதில் நடுச்சுவர்தான் இருக்கும், பின்னதில் நடுவே கதவு இருக்கும். கப்பலின் தள வரைபடத்தில் இரண்டு கேபினுக்கு நடுவே ஒரு குறி போட்டிருப்பார்கள். ஓரத்தில் குறி விளக்கம் இருக்கும், நீங்களே பார்க்கலாம். இதில் ஒரு எச்சரிக்கை: தனிக் குடும்பமாக ஒரே கேபின் எடுப்பவர்கள் இந்தக் குறி உள்ளதைத் தவிர்த்துவிடுங்கள். அந்தக் கதவு வழியாகப் பக்கத்து அறைக்காரர் இருமினாலும் கேட்கும்.

ஒவ்வொரு கேபினிலும் ஒரு பெரியவர் பெயர் இருந்தாக வேண்டும். சில நிறுவனங்களுக்குப் பதினெட்டு வயது, சிலவற்றுக்கு இருபத்தொன்று. எனவே காகிதத்தில் ஒரு கேபினில் நீங்கள், மனைவி, பெரியவன். இன்னொன்றில் அம்மாவும் சின்னவனும். உங்கள் வீட்டு வழக்கமும் அதுதானே, கச்சிதமாகப் பொருந்துகிறது. அம்மா கேபினில் கட்டில்களைப் பிரித்துப் போடச் சொல்லுங்கள். ஆயாவுக்கும் பேரனுக்கும் எதிரெதிர்க் கட்டில். பெரியவன் உங்கள் கேபினில் மேல் பெர்த் ஏறட்டும். பத்து வயசுப் பையனுக்குக் கப்பலிலேயே பிடித்த இடம் அதுவாகத்தான் இருக்கும், நீச்சல் குளம் அப்புறம்தான்.

வயசானவர்களுக்கு ஒரு விஷயம். கேபின் கழிவறைக்கு வாசற்படி மாதிரி ஒரு உயரம் இருக்கும், தண்ணீர் அறைக்குள் வராமல் இருக்க. உள் கேபினில் விளக்கை அணைத்தால் கும்மிருட்டு, பகலா இரவா தெரியாது. அந்தப் படியில் கால் இடறுவது சகஜம். பேட்டரியில் எரிகிற சின்ன விளக்கு ஒன்றைக் கொண்டுபோய்க் கழிவறை வாசலில் வையுங்கள். கேபின் சுவர் பெரும்பாலும் இரும்புத் தகடு, காந்தம் ஒட்டும். காந்தக் கொக்கி நாலு வாங்கிப் போனால் துண்டு, பை, அம்மாவின் மாத்திரைப் பை எல்லாம் சுவரில் தொங்கும், கட்டில் காலியாக இருக்கும்.

மகளுக்குப் பதினான்கு, மகனுக்குப் பதினொன்று. நால்வரும் ஒரே கேபினில் என்றால் மகள் முகம் சுருங்குகிறது. பயணம் சிங்கப்பூரிலிருந்து. என்ன செய்யலாம்?
– தாய், காட்பாடி

மகள் பக்கம்தான் நியாயம். பணம் இடம் கொடுத்தால் மேலே சொன்ன கனெக்டிங் கேபின்கள் எடுங்கள். பெயரில் ஒரு பெரியவர் ஒரு கேபினில், இன்னொருவர் மறு கேபினில். உள்ளே ராத்திரி நீங்களும் மகளும் ஒன்றில், அப்பாவும் மகனும் ஒன்றில். கூடுதல் சாவி அட்டை வேண்டுமென்றால் வரவேற்பு மேஜையில் கேட்டுப் பாருங்கள்.

ஒரே கேபின்தான் என்றால், பெரிய கட்டிலுக்கும் சோபாவுக்கும் நடுவே திரை உள்ள கேபினாகத் தேடுங்கள். சில நிறுவனங்களில் குளிக்கும் இடமும் கழிவறையும் தனித்தனியாக இரண்டு கதவோடு இருக்கும் குடும்பக் கேபின்கள் உண்டு. பெண் பிள்ளை வைத்திருப்பவர்களுக்கு அதைத்தான் சிபாரிசு செய்வேன். மேல் பெர்த்தை மகளுக்குக் கொடுங்கள். பெர்த்துக்குப் பக்கத்தில் தனி விளக்கு இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அவளுக்கென்று ஒரு மூலை கிடைத்த மாதிரி. தம்பி சோபாவில் படுக்கட்டும். சோபா கம் பெட் மெத்தை மெல்லிசாக இருக்கும், கம்பி முதுகில் உறுத்தும். மேலே ஒரு மெத்தை விரிப்பு கேளுங்கள். சோபா ஒற்றையா இரட்டையா என்பதையும் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். படத்தில் எல்லா சோபாவும் பெரிசாகத்தான் தெரியும்.

சிங்கப்பூர் நேரம் நமக்கு இரண்டரை மணி முன்னால். அங்கே ராத்திரி பத்து மணி என்றால் காட்பாடியில் ஏழரை. பிள்ளைகளுக்குத் தூக்கமே வராது, காலையில் எழுப்பவும் முடியாது. முதல் நாள் சீக்கிரம் படுக்கச் சொல்லிச் சண்டை போடாமல், இரவு நிகழ்ச்சிக்குக் கூட்டிப் போய்விடுங்கள்.

பால்கனிக் கேபின் எடுத்தால் சின்னப் பிள்ளைக்கு ஆபத்தா?
– வாசகர், வாணியம்பாடி

கதவு கனமானது, தாழ்ப்பாள் பெரும்பாலும் சின்னப் பிள்ளைக்கு எட்டாத உயரத்தில் இருக்கும். ஆபத்து நாற்காலியில். பால்கனியில் கிடக்கும் நாற்காலியைக் கம்பி ஓரம் இழுத்துப் போட்டு ஏறிவிடும் வாண்டுகள் உண்டு. தூங்கப் போகும் முன் நாற்காலியை உள்ளே எடுத்து வைத்துவிட்டுக் கதவைப் பூட்டுங்கள். ஆளில்லாமல் பிள்ளையைப் பால்கனியில் ஒரு நிமிஷமும் விட வேண்டாம். மற்றபடி பிள்ளை தூங்கின பிறகு பெற்றவர்கள் விளக்கை அணைத்துவிட்டு இருட்டில் உட்காராமல், வெளியே உட்கார்ந்து பேச ஒரு இடம் இருக்கிறதே, அதற்காகவே பால்கனி எடுக்கலாம்.

பிள்ளை தூங்க எந்தத் தளம் நல்லது?
– வாசகி, ஆம்பூர்

நடுவில், கீழே. கப்பலின் முனைகளிலும் மேல் தளங்களிலும் ஆட்டம் அதிகம். மேலும் கீழும் கேபின்களே இருக்கிற தளமாகப் பாருங்கள். நீச்சல் குளத் தளத்துக்கு நேர் கீழே எடுத்தால் விடியற்காலையில் நாற்காலிகளை இழுத்துப் போடும் சத்தம் தலைக்கு மேலேயே கேட்கும். அரங்கத்துக்கு மேலே எடுத்தால் நடு ராத்திரி வரை டமடம. முன் முனையில் கீழ்த் தளம் என்றால், துறைமுகத்தில் கப்பலைப் பக்கவாட்டில் தள்ளும் இயந்திரம் ஓடும்போது கட்டிலே அதிரும். துறைமுகம் சேர்வது பெரும்பாலும் அதிகாலை, பிள்ளை நன்றாகத் தூங்கும் நேரம்.

ராத்திரி பால் காய்ச்ச கெட்டில் கொண்டு போகலாமா?
– வாசகி, வாலாஜாபேட்டை

கூடாது. கெட்டில், அயர்ன் பாக்ஸ், கரண்ட் அடுப்பு எல்லாம் ஏறும்போதே வாங்கி வைத்துக்கொண்டு இறங்கும்போதுதான் தருவார்கள். கப்பலில் தீயைவிடப் பெரிய பயம் இல்லை. நல்ல பிளாஸ்க் ஒன்று கொண்டு போங்கள். படுக்கப் போகும்போது சாப்பாட்டுக் கூடத்தில் வெந்நீரோ சூடான பாலோ கேட்டு நிரப்பிக்கொள்ளுங்கள். பவுடர் பால் குடிக்கிற குழந்தை என்றால் டப்பாவை ஊரிலிருந்தே எடுத்துப் போங்கள், கப்பல் கடையை நம்ப வேண்டாம்.

மேல் பெர்த்தை நாங்களே இறக்கிக்கொள்ளலாமா? மத்தியானம் பிள்ளை தூங்க வேண்டுமே.
– வாசகர், திருப்பத்தூர்

வேண்டாம். பூட்டுக்குத் தனிச் சாவி, சரியாக மாட்டாவிட்டால் தலையில் இறங்கும். ஸ்டூவர்டிடம் முதல் நாளே சொன்னால் பகலிலும் இறக்கியே வைத்திருப்பார். கீழ்க் கட்டிலில் உட்கார்ந்து எழும்போது மட்டும் அப்பாக்கள் தலையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.